குறை கூறும்போது ஜபர் ஜேர் பிசகலாமா?

 

கடந்த ஷஅபான் மாதத்தில் எம் மகன் திருக்குர்ஆனை முழுமையாக மனனம் செய்து முடித்தான். அல்ஹம்துலில்லாஹ். அவனுக்கு வயது பதின்மூன்று. மதரஸாவில் பிறர் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துக் காலம் கழித்துவரும் எமக்கு, எம் பிள்ளையும் ஹாஃபிழாகிவிட்டான் என்பது சொல்லில் அடங்காத மகிழ்ச்சி. எம்மை விடவும் அதிகமாக மகிழ்ந்தவர் எம் தாயார். எழுபத்து நான்கு வயதாகும் அவர், இளமையில் அரபுத் தமிழ் நூல்களை ஓதி மார்க்கம் கற்றவர். அவர் எம்மிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். “பேரன் ஓத வேண்டும், நான் இடையில் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும்.”

எம் வீடு இருப்பது கடைத்தெருவில். நள்ளிரவு வரை வாகன இரைச்சல் ஓயாது. ஆகவே ஷவ்வால் மாதத்தில், பெருநாள் கூட்டம் சற்றுக் குறைந்த பின்னர், குடும்பத்தோடு கொடைக்கானலுக்குச் சென்று இரண்டு இரவுகள் தங்குவது என்று முடிவு செய்தோம். இரவுக்கு மூன்று ஜுஸ்உ வீதம் மகன் ஓத வேண்டும், தாயார் கேட்க வேண்டும் என்பதே திட்டம். இரண்டு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், நாளொன்றுக்கு 3,800 ரூபாய் வாடகையில் இரண்டு அறைகளை இணையத்தில் முன்பதிவு செய்தோம். “அமைதியான சூழல், ஏரியைப் பார்த்த அறை, நாள் முழுவதும் வெந்நீர்” என்று அந்த விடுதியின் விளம்பரம் சொல்லிற்று. அதை நம்பினோம். இ-பாஸ் எடுத்துக்கொண்டு, வத்தலக்குண்டு வழியாக மலையேறினோம். வழியில் வெள்ளி நீர்வீழ்ச்சியைக் கண்டு தாயார் சிறுபிள்ளைபோல் மகிழ்ந்தார்.

அந்த மகிழ்ச்சி அன்று மாலை வரைதான் நீடித்தது. எமக்குக் கொடுக்கப்பட்ட அறைகளிலிருந்து ஏரி தெரியவில்லை. சாளரத்துக்கு நேர் கீழே விடுதியின் புல்வெளி இருந்தது. அங்கே பந்தல் போட்டு, ஆள் உயர சவுண்டு பாக்ஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இஷாத் தொழுகையை முடித்து மகன் ஓத அமர்ந்தபோது டி.ஜே. இசை தொடங்கியது. சாளரத்தின் கண்ணாடி அதிர்ந்தது. மகன் குரலை உயர்த்தினான். பிறகு இன்னும் உயர்த்தினான். பக்கத்தில் அமர்ந்திருந்த தாயாருக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அரை மணி நேரம் பொறுத்திருந்த அவர், “இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம்ப்பா” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

10.15 மணிக்கும் 11 மணிக்கும் வரவேற்பறைக்குத் தொலைபேசியில் சொன்னோம். இரண்டு முறையும் “இதோ முடிந்துவிடும் சார்” என்ற பதிலே வந்தது. 11.40 மணிக்கு நாமே கீழே இறங்கிப் போனோம். அங்கே இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் தனியாக நின்றிருந்தார். “ஒரு நாள் ராத்திரிதானே சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்றார். அந்தச் சொல் எம்மை எரித்துவிட்டது. நாம் கத்தினோம். மேசையைத் தட்டினோம். அவர் பதில் பேசவில்லை. திரும்பிப் பார்த்தபோது, படிக்கட்டில் எம் மகன் நின்றுகொண்டிருந்தான்.

இசை 12.30 மணிக்கு நின்றது. எமக்குத் தூக்கம் வரவில்லை. கைப்பேசியை எடுத்து, இணையத்தில் வெளியிடுவதற்காக ஒரு விமர்சனத்தை எழுதினோம். “விடிய விடிய ஆட்டம். குறை சொல்ல ஓர் ஆள்கூட இல்லை. வெந்நீர் என்பதே இல்லை. ஏமாற்றுக்காரர்கள்” என்று எழுதினோம். இணைப்புக் கிட்டாததால் அது பதிவேறவில்லை. அன்றிரவு அதையும் ஒரு குறையாகக் கருதினோம். இன்று அதை அல்லாஹ்வின் அருளாகக் கருதுகிறோம்.

ஃபஜ்ருக்கு எழுந்தபோது வெந்நீர் வரவில்லை. அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் தாயார் உளூச் செய்தார். தொழுகை முடிந்ததும், எழுதியதை மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். படித்துவிட்டுத் தயங்கினான்.

“அத்தா, பாட்டு பன்னிரண்டரைக்கு நின்றுவிட்டதே. ‘விடிய விடிய’ என்று எழுதியிருக்கிறீர்களே?”

நாம் பேசாதிருந்தோம்.

“கீழே அந்த அண்ணன் இருந்தாரே. வெந்நீரும் நேற்று மாலையில் வந்ததே. ஒரு ஜபரை ஜேராக ஓதினால்கூட லுக்மா கொடுத்துத் திருத்துவீர்கள் அத்தா.”

பல்லாண்டுகளாகப் பிள்ளைகளின் நாவைத் திருத்தி வருகிறோம். அன்று காலை ஒரு பிள்ளை எம் பேனாவைத் திருத்தினான். அதைப் பற்றி உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

முறையிடுவது பொறுமைக்கு எதிரானதா?

ஊர் திரும்பியதும் நடந்ததைச் சொன்னபோது உறவினர் பலரும் சொன்னது ஒன்றுதான்: “சபர் செய்யுங்கள் ஹஜ்ரத், மறுமையில் கிடைக்கும்.” அவர்களின் நல்லெண்ணத்தை மதிக்கிறோம். ஆயினும் சபர் என்பது வாய்மூடி இருப்பது அன்று. தன் கணவர் தனக்கு இழைத்த அநீதியை அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வாதிட்டு முறையிட்டார் கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) அவர்கள். அந்த முறையீட்டைத் தான் செவியேற்றதாக அல்லாஹ்வே அறிவிப்பதுடன்தான் முஜாதலா அத்தியாயம் தொடங்குகிறது (58:1). ஒரு பெண்ணின் முறையீட்டுக்கு இறைமறையிலேயே இத்தகைய இடம் கிடைத்திருக்கும்போது, முறையிடுவதே ஈமானுக்குக் குறைவு என்று எப்படிச் சொல்ல இயலும்?

நபி (ஸல்) அவர்களுக்கே கடன் கொடுத்திருந்த ஒருவர் வந்து கடுமையான சொற்களால் கடனைக் கேட்டபோது, நபித்தோழர்கள் அவர்மீது பாய எழுந்தார்கள். அவரை விட்டுவிடுமாறும், உரிமையுடையவருக்குப் பேசும் உரிமை உண்டு என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறித் தடுத்தார்கள். அத்தோடு, கொடுக்க வேண்டியதைவிடச் சிறந்த ஒட்டகத்தை அவருக்குக் கொடுக்கச் செய்தார்கள். புகாரியில் இடம்பெறும் இச்செய்தி, வாடிக்கையாளரின் கோபத்தை எதிர்கொள்ளும் ஒவ்வொரு வணிகருக்கும் பாடமாகும்.

வாடகைக்கு எடுப்பதை நம் ஃபிக்ஹு நூல்கள் ‘இஜாரா’ என்ற தலைப்பில் விரிவாகப் பேசுகின்றன. வாடகைப் பொருளில் அதன் பயனைக் குறைக்கும் குறை வெளிப்பட்டால், ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை வாடகைக்கு எடுத்தவருக்கு உண்டு. தங்கும் அறையின் பயன் உறக்கமும் ஓய்வும்தான். நனைந்த தானியத்தைக் குவியலுக்குள் மறைத்து வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி முஸ்லிமில் உள்ளது. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவரிடம் கேட்டார்கள். புல்வெளியில் இரவு விருந்து நடக்கப்போவது விடுதியாருக்கு முன்பே தெரியும். அதை எம்மிடம் சொல்லாமல் ‘அமைதியான சூழல்’ என்று அறையைக் கொடுத்தது, குவியலின் ஈரத்தை மறைத்தது போன்றதே.

ஆகவே முறையிடுவது உரிமை. எம் தாயாரின் பொருட்டு அது கடமையாகவும் ஆயிற்று. எம் உரிமையை நாம் மன்னித்து விட்டுக்கொடுக்கலாம். தாயாரின் உரிமையையும், நாளை அதே அறைக்கு வரப்போகும் யாரோ ஒருவரின் உரிமையையும் விட்டுக்கொடுக்கும் அதிகாரம் எமக்கு இல்லை.

அளவு மிஞ்சிய முறையீடு

உரிமை இருக்கிறது என்பதற்காக எல்லை இல்லாமல் போய்விடாது. அநீதி இழைக்கப்பட்டவரைத் தவிர வேறெவரும் தீய சொல்லை வெளிப்படையாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை என்கிறது 4:148 வசனம். பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்திருப்பது விதிவிலக்கு. விதிவிலக்கு தேவையின் அளவுக்கே செல்லும். ஒரு கூட்டத்தார்மீதுள்ள வெறுப்பு நீதி தவறத் தூண்டிவிடக் கூடாது என்று 5:8 வசனம் எச்சரிக்கிறது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில், புறம் பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு சந்தர்ப்பங்களைத் தொகுத்துள்ளார்கள். அநீதியைப் பற்றி உரியவரிடம் முறையிடுவதும், பிறரைத் தீங்கிலிருந்து எச்சரிப்பதும் அவற்றுள் அடங்கும். நடந்ததைக் கூட்டிச் சொல்வதற்கு அந்தப் பட்டியலில் இடம் கிடையாது.

நிறுவைக்காரன் தனக்கு வாங்கும்போது நிறைய அளந்து, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்தால் அவனுக்குக் கேடுதான் என்கிறது முதஃப்பிஃபீன் அத்தியாயம். அந்த வசனங்களைத் தராசு பிடிக்கும் வணிகருக்கு மட்டுமே உரியவை என்று இத்தனை நாள் பாடம் நடத்தியிருக்கிறோம். அன்று காலை அவை எமக்கும் உரியவையாகப் பட்டன. விடுதியார் எமக்குக் குறைத்து அளந்தார்கள். நாம் எம் மனக்குறையைக் கூட்டி அளந்தோம்.

யாரிடம் கத்தினோம்?

மகன் எழுந்து போன பின்னர் வரவேற்பறைக்கு இறங்கிச் சென்றோம். அந்த இளைஞர் இன்னும் அங்கேயே இருந்தார். முந்தைய நாள் மாலையில் பணிக்கு வந்தவர், மாற்று ஆள் வராததால் நின்றுகொண்டிருந்தார். இரவு நான்கு முறை மேலாளருக்குத் தொலைபேசி செய்ததைத் தம் கைப்பேசியில் காட்டினார். விருந்துக்கு இடம் கொடுத்தவரும் அவரல்லர்; அதை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் அவருக்கு இல்லை. “நேற்று உங்களிடம் கத்தியது தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள் தம்பி” என்றோம். அவர் சொன்னார்: “பரவாயில்லை சார். எல்லாரும் திட்டுவாங்க. காலையில வந்து யாரும் பேசினதில்ல.”

கோபம் எப்போதும் தனக்கு எட்டிய ஆளையே அடிக்கிறது. விளம்பரம் எழுதியவர் எமக்கு எட்டவில்லை. இரட்டை வருவாய் பார்த்த உரிமையாளர் எட்டவில்லை. சொற்பச் சம்பளத்துக்கு இரவெல்லாம் நிற்பவர் எட்டினார். பத்தாண்டுகள் பணி செய்த அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறைகூடக் கடிந்ததில்லை என்று மிம்பரில் பேசியிருக்கிறோம். படிக்கட்டில் நின்ற எம் பிள்ளை அந்தப் பயானையும் கேட்டவன்தான்.

மௌனத்துக்கு ஒரு விலை

காலை பத்து மணிக்கு மேலாளர் வந்தார். இம்முறை குறைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றோம். சொன்ன அறை தரப்படவில்லை. திறந்தவெளியில் ஒலிபெருக்கி இரவு 12.30 மணி வரை ஒலித்தது, 10.15, 11, 11.40 ஆகிய நேரங்களில் தெரிவித்தும் பலனில்லை. விடியற்காலை வெந்நீர் இல்லை. இவ்வளவுதான். ‘ஏமாற்றுக்காரர்கள்’ என்ற சொல்லை எடுத்துவிட்டோம்.

“இது எங்கள் சொந்த இடம்” என்றார் அவர். ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. மூடிய அரங்கினுள் அரங்கினர்க்கு மட்டும் கேட்கும்படி ஒலிப்பதற்கு விலக்கு உண்டே தவிர, திறந்த புல்வெளிக்கு அந்த விலக்கு இல்லை என்று எடுத்துரைத்தோம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் காட்டினோம். அவருடைய பேச்சு தணிந்தது. பிறகு ஒன்று சொன்னார்: இணையத்தில் எதுவும் எழுதுவதில்லை என்று ஒப்புக்கொண்டால், முதல்நாள் வாடகையில் பாதியைத் திருப்பித் தருவதாக.

எம் நிலையில் 3,800 ரூபாய் சிறு தொகை அன்று. ஒரு கணம் மனம் சாய்ந்தது என்பதை மறைக்கவில்லை. குறைபாட்டுக்கு ஈடாகப் பணத்தைத் திரும்பப் பெறுவது ஆகுமானதே. அதைக் கேட்டோம், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால் அவர் விலை பேசியது வேறொன்றுக்கு. சாட்சியத்தை மறைக்க வேண்டாம், மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளாகிறது என்கிறது 2:283 வசனம். அது கடன் பத்திரத்தைப் பற்றி இறங்கியது என்றாலும், அதன் கருத்து இங்கும் பொருந்துவதாகவே நாம் கருதுகிறோம். அடுத்து வருபவர் ஏமாறுவதற்கு எம் மௌனம் துணை நிற்குமானால், அந்தப் பணம் எமக்கு எப்படி நிம்மதியாகச் செரிக்கும்? மறுத்துவிட்டோம். அவர் பணம் தரவில்லை. பின்கட்டில் வேறு இரண்டு அறைகளைக் கொடுத்தார்.

உண்மையான விமர்சனத்தை அன்று எழுதினோம். நான்கு குறைகளையும் நேரத்தோடு எழுதினோம். படுக்கைகள் தூய்மையாக இருந்ததையும், வரவேற்பறை ஊழியரின் பொறுமையையும், கேட்டபின் அறை மாற்றிக் கொடுத்ததையும் எழுதினோம். ஊர் வந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்தோம். இதுவரை பணம் வரவில்லை. வந்தால் நலம், வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகும் வழி இருக்கிறது.

நம் பக்கத்துச் சாளரம்

இன்னொன்றையும் சொல்லாமல் முடித்தால் இந்தக் கட்டுரையும் குறைவாக அளந்ததாகிவிடும். மூன்றாண்டுகளுக்கு முன் எம் தங்கை மகனின் வலீமா எம் தெருவில் நடந்தது. இஸ்லாமியப் பாடல்கள்தானே என்று இரவு பதினொன்றையும் தாண்டி ஒலிபெருக்கியை வைத்திருந்தோம். அடுத்த வீட்டுப் பெரியவர் வந்தார். தம் பேத்திக்கு மறுநாள் தேர்வு என்றும், சற்றுக் குறைக்க இயலுமா என்றும் கேட்டார். நாம் அவருக்குச் சொன்ன பதில் இப்போது நினைவுக்கு வருகிறது: “ஒரு நாள்தானே பெரியவரே, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.”

கொடைக்கானலில் அந்த இளைஞர் சொன்னபோது எம்மை எரித்த சொல் அதுவேதான். புல்வெளியில் ஆடியவர்களுக்கும் அது சிறப்பான நாள். எங்கள் அறையில் ஒரு மூதாட்டி பேரனின் கிராஅத்துக்காகக் காத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. பெரியவரின் பேத்தியைப் பற்றியோ எமக்குத் தெரிந்தும் இருந்தது. பள்ளிவாசலில் இஃதிகாஃபில் இருந்த நபி (ஸல்) அவர்கள், மக்கள் உரத்த குரலில் ஓதுவதைக் கேட்டு, திரையை விலக்கி, ஒருவர் மற்றவருக்குத் தொல்லை தர வேண்டாம் என்றும், ஓதுவதில் ஒருவரைவிட ஒருவர் குரலை உயர்த்த வேண்டாம் என்றும் அறிவுறுத்தியதாக அபூதாவூதில் வருகிறது. குர்ஆன் ஓதும் குரலுக்கே இந்த வரம்பு என்றால், நம் வலீமா மண்டபங்களின் சவுண்டு பாக்ஸுக்கு என்ன நியாயம் சொல்வோம்? ஊர் திரும்பிய மறுநாள் அந்தப் பெரியவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டோம். அவர் அதை மறந்திருப்பார் என்று எண்ணினோம். மறக்கவில்லை.

குடும்பங்களுக்குச் சில யோசனைகள்

முதலாவதாக, முன்பதிவு செய்யும்போதே விளம்பரத்தின் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தங்கும் நாளில் நிகழ்ச்சி ஏதும் உண்டா என்று தொலைபேசியில் கேளுங்கள். நாம் இதைக் கேட்கத் தவறினோம்.

இரண்டாவதாக, குறையை அந்த நேரத்திலேயே சொல்லுங்கள். நேரத்தைக் குறித்து வையுங்கள். நின்றுகொண்டு கோபம் வந்தால் உட்காருங்கள். அது நபிவழி.

மூன்றாவதாக, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரைத் தேடி முறையிடுங்கள். கையில் அதிகாரம் இல்லாதவரைக் கடிந்து பயனில்லை.

நான்காவதாக, எழுதியதை ஓர் இரவு வைத்திருந்து, உடன் இருந்த ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் திருத்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஐந்தாவதாக, நியாயமான தொகையைக் கேட்கத் தயங்காதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை ஐந்து இலட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமலும் வாதிடலாம்.

இரண்டாம் நாள் இரவைச் சொல்லி முடிக்கிறோம். பின்கட்டு அறை அமைதியாக இருந்தது. இஷாவுக்குப் பின் மகன் ஓதத் தொடங்கினான். தாயார் போர்வையைச் சுற்றிக்கொண்டு கண்களை மூடிக் கேட்டிருந்தார். முதல் ஜுஸ்உ முடிவதற்குள் உட்கார்ந்தபடியே உறங்கிவிட்டார். முந்தைய இரவு அவரும் தூங்கவில்லை. மகன் நிறுத்தவில்லை. பாட்டியின் உறக்கம் கலையாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு மூன்று ஜுஸ்உகளையும் ஓதி முடித்தான். எழுந்ததும் அவர் கேட்டார்: “எதுவரைக்கும் ஓதினாய்? விட்ட இடத்திலிருந்து நாளைக்கு வீட்டில் ஓது.” கடைத்தெரு இரைச்சலுக்கு நடுவே இப்போது நாள்தோறும் ஓதி வருகிறான்.

நமக்குரியதைக் கேட்கும்போதும் நீதி தவறாத நாவையும், பிறருக்குரியதைக் கேட்காமலே கொடுக்கும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.